பஞ்சகவ்யம் அடித்த திராட்சையும் தள்ளிப்போன ஞானஸ்நானமும்

வியாழக்கிழமை காலையில் திருச்சியில் பஸ் ஏறினேன். திண்டுக்கல்லில் மாறி, வத்தலக்குண்டு வழியாகத் தேனி வந்து சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. அங்கிருந்து கம்பம் பஸ். பழனிசெட்டிபட்டியில் கடைத்தெரு நெரிசலைக் கடந்து வீரபாண்டி வந்ததும் காற்று ஆளைத் தூக்கியது. ஆடி மாதத்தில் இந்தப் பள்ளத்தாக்குக்கு வருகிறவர்கள் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வருவது நல்லது. ஜன்னலோரம் உட்கார்ந்தது என் தப்பு. உத்தமபாளையத்தில் இறங்கும்போது என் தலை தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி இருந்தது.

அங்கிருந்து ராயப்பன்பட்டி ஏழெட்டு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் இருநூறு ரூபாய் கேட்டார். "யாரு வீட்டுக்கு?" என்றார். சேவியர் வீடு என்றேன். "திராட்சத் தோட்டத்துக்காரரா? ஞாயித்துக்கெழம அவுக வீட்டுல பிள்ளைக்கு ஞானஸ்நானம்ல? நீங்க சொந்தமா?" என்று கேட்டார். நான்தான் ஞானத்தாய் என்று சொல்லும்போது, எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அமலா என் கல்லூரி விடுதித் தோழி. சேவியர் அவள் கணவர். கோயில் கோயிலாகவும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகவும் அலைந்து, நாற்பதை நெருங்கும்போது அவர்களுக்குப் பிறந்த பெண் குழந்தை. அதை ஞானஸ்நானத் தொட்டிக்கருகில் கையில் ஏந்தி நிற்க என்னைக் கூப்பிட்டிருந்தாள். நான் கணவரை இழந்தவள். அதன் பிறகு எந்த வீட்டு விசேஷத்திலும் யாரும் என்னை முன்னால் வரச் சொன்னதில்லை. "யோசிச்சுத்தான் கேக்கிறியா?" என்று போனில் கேட்டதற்கு, "வாடி பேசாம" என்று திட்டி வைத்துவிட்டாள்.

வாசலில் வரவேற்றவர் சேவியரின் அக்கா லூர்து. பக்கத்து வீட்டில் தனியாக இருக்கிறார். "நீங்கதான் ஏந்தப் போறீகளா?" என்று கேட்டு, என் வெறுங்கழுத்தை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு அந்தப் பார்வையே போதுமானதாக இருந்தது.

சாயங்காலம் சேவியர் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். பன்னீர் திராட்சை, பந்தல் நிறையக் கறுத்துத் தொங்கியது. அவர் சில வருடங்களாக இயற்கை விவசாயத்துக்கு மாறியிருக்கிறார். ஒரு குலையைக் கத்தரித்து என் கையில் வைத்தார். அமலாவுக்கு நான் மூத்தவள் என்பதால் அவர் வாயில் நான் மதினி.

"ஒரு சொட்டு மருந்து கெடையாது மதினி. கழுவ வேணாம், அப்படியே தின்னுங்க. கழுவுனா வாசம் போயிரும்."

வாசம் நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. ஒரு குலை தின்றேன். அடுத்ததையும் விடவில்லை.

வெள்ளிக்கிழமை விடியும்போதே வயிற்றைப் புரட்டியது. அதற்குப் பிறகு நடந்ததை விவரமாக எழுதினால் வாசகர்கள் காலை உணவைத் தள்ளிவைக்க வேண்டிவரும். கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடுவில் நடந்த தூரத்தைச் சேர்த்தால் பக்கத்து ஊரான கோம்பைக்குப் போய்த் திரும்பியிருக்கலாம். என் பையில் ஆன்டிபயாடிக் மாத்திரை அட்டை ஒன்று இருந்தது. வெளியூர்ப் பயணம் என்றால் பல் விளக்கும் பிரஷ்ஷோடு அதையும் எடுத்துவைப்பது என் வழக்கம். அட்டையைக் கையில் எடுத்தேன். இரண்டு வேளை போட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுந்து நின்றுவிடலாம் என்பது கணக்கு. அமலா அதைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, என்னை உத்தமபாளையத்துக்கு இழுத்துப் போனாள்.

மருத்துவர் நடுவயதுப் பெண்மணி, இந்த ஊர்க்காரர். காய்ச்சல் பார்த்தார். வயிற்றை அமுக்கினார். ரத்தம் போகிறதா, சிறுநீர் போகிறதா என்று கேட்டார். கடைசியாக எதைத் தின்றேன் என்று விசாரித்தார். திராட்சை என்றேன். மருந்தே அடிக்காத பழம் என்றும் பெருமையாகச் சேர்த்துக்கொண்டேன்.

அவர் அமலா பக்கம் திரும்பினார். "மருந்து அடிக்கல. சரி, வேற என்ன அடிச்சாக?"

அமலா தயங்கினாள். "பஞ்சகவ்யம் டாக்டர். இந்த வாரந்தான் அடிச்சாக."

மாட்டுச் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் நெய்யும் சேர்த்துப் புளிக்கவைத்த கரைசல் அது. இலைக்கு அடிப்பது குலைமேலும் படாமல் இருக்குமா? மருத்துவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "அதுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. பஸ் ஸ்டாண்டுல எதுவும் தின்னுருந்தாலும் வரும். ஆனா சாணி தெளிச்ச பழத்தக் கழுவாமத் தின்னுட்டு, மருந்தில்லாத பழம்னு சொன்ன மொத ஆளு நீங்கதான்."

எனக்குக் கோபம் வந்தது. சிரிக்கத் தெம்பில்லை. "ஆன்டிபயாடிக் எழுதுங்க டாக்டர். ஞாயிற்றுக்கிழமை நான் குழந்தையை ஏந்தணும்" என்றேன்.

"எழுத மாட்டேன்" என்றார். "காச்சல் இல்ல, ரத்தம் இல்ல. இது பெரும்பாலும் தானா அடங்குறது. தேவையில்லாம அந்த மாத்திரையப் போட்டா வயித்துல இருக்கிற நல்லதும் சேந்து போயிரும். அதுவே வயித்துப்போக்கக் கெளப்பிவிட்டாலும் விட்டுரும். போனத ஈடுகட்டணும், அம்புட்டுத்தான். உப்பு-சர்க்கரைப் பொட்டலத்தக் காச்சி ஆறவச்ச தண்ணியில சரியான அளவுல கரைச்சு, கொஞ்சங்கொஞ்சமாக் குடிங்க. கஞ்சி குடிங்க. காச்சல் ஏறுனாலோ, ரத்தம் வந்தாலோ, ஒண்ணுக்குப் போறது கொறஞ்சாலோ ராத்திரியா இருந்தாலும் வந்துருங்க. அப்பப் பாத்துக்கிருவோம்."

எழுந்திருக்கும்போது, "போக்கு நின்னு ரெண்டு நாள் முழுசா ஆகுற வரைக்கும் பிள்ளையத் தொடாதீக. கைக்குழந்தைக்குத் தொத்துனா தாங்காது" என்றார்.

அமலாவும் நானும் ஆட்டோவில் திரும்பினோம். வெள்ளிக்கிழமையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு எத்தனை நாள் என்று எண்ண இரண்டு பேருக்குமே விரல் தேவைப்படவில்லை.

குழந்தை இருக்கும் வீட்டில் நான் இருக்கக்கூடாது என்று லூர்து அக்கா வீட்டுக்கு என்னை மாற்றினார்கள். யாருடைய பார்வைக்குப் பயந்தேனோ அவர் கட்டிலிலேயே போய் விழுந்தேன். இனி இவர்தான் குழந்தையை ஏந்துவார், எல்லாருக்கும் மனசுக்குள் நிம்மதிதான் என்று நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். மூளியைப் பிள்ளை ஏந்தக் கூப்பிட்டால் இப்படித்தான் என்று ஊரில் யாராவது சொல்லாமலா இருப்பார்கள்? வயிற்று வலியைவிட இது மோசமாக இருந்தது.

லூர்து அக்கா கட்டில் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். பொட்டலத்தைக் கரைத்து டம்ளரை நீட்டுவார். "ஒரே மடக்கா ஊத்தாத, வாந்தியா வந்துரும். வாய நனச்சு நனச்சுக் குடி" என்பார். 'நீங்க' எப்போது 'நீ'யாக மாறியது என்று கவனிக்கவில்லை. சின்னமனூர் அரிசியைக் குழைய வேகவைத்து, உப்புப் போட்டு, கஞ்சியாக்கித் தந்தார். நான் போய்வந்த கழிவறையை அவரே பினாயில் ஊற்றிக் கழுவினார். தடுத்தேன். "ஏன், நீ எந்திரிச்சு நிப்பியா? நின்னா கழுவு" என்றார். நிற்க முடியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் போக்கு நின்றது. உள்ளங்கையில் சூடு திரும்பியது. சேவியர் வாசற்படியிலேயே நின்று, "மன்னிச்சுக்கங்க மதினி, என்னாலதான்" என்று பத்தாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது நான் சொன்னேன்: "நாளைக்கு லூர்து அக்கா ஏந்தட்டும். நான் பின்னாடி நின்னு பாத்துக்கிறேன். என்னால விசேஷம் நிக்கக்கூடாது."

அடுப்படியிலிருந்து லூர்து அக்கா கரண்டியோடு வெளியே வந்தார்.

"ஏலே சேவியரு, இவ சொல்றதக் கேட்டுக்கிட்டு நிக்காத. இங்கேரு ஆத்தா, ஒன்ட்ட ஒளிக்க என்ன இருக்கு? நான்தான் ஏந்துறதா இருந்துச்சு. அமலா ஒன் பேரச் சொன்னதும் எனக்கு வருத்தந்தான். தாலியில்லாதவகிட்டயான்னு கேக்கத்தான் செஞ்சேன். அதுக்காக, நோவுல கெடக்கிறவ கையில இருந்து பறிச்சு வாங்குவாகளா? இத்தன வருசம் வராத பிள்ள ரெண்டு நாள் தாமசமானா கொறஞ்சா போயிரும்?"

"ஆடு வாங்கியாச்சு அக்கா. ஊரெல்லாம் சொல்லியாச்சு" என்றார் சேவியர்.

"ஆட்ட அடி. பிரியாணியப் போடு. ஞானஸ்நானத்தச் செவ்வாக்கெழம வச்சுக்கிருவோம். கோயில் சாமியார்ட்ட நான் பேசுறேன்."

கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அடுப்பில் கஞ்சி பொங்கியது. நான் எழுந்து போய் அதைக் கிண்டினேன். இரண்டு நாளில் நான் செய்த முதல் வேலை அது. கண்ணீர் வந்ததற்கு அடுப்புப் புகையைக் காரணம் சொல்லலாம். ஆனால் அது கேஸ் அடுப்பு.

ஞாயிற்றுக்கிழமை, ஞானஸ்நானம் நடக்காத குழந்தைக்காக ராயப்பன்பட்டியே பிரியாணி தின்றது. "சாப்பிட்ட எலைய மொத எடுத்துட்டுப் பிள்ளைய அப்பறம் எடுக்கப் போறாகளாம்" என்று பந்தியில் யாரோ சொல்ல, பெரிய சிரிப்பு. நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் கஞ்சியும் பருப்புத் துவையலுமாக உட்கார்ந்து வாசனை பிடித்தேன். யாரும் சகுனத்தைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தாலும் லூர்து அக்கா காதில் விழும்படி பேசும் தைரியம் அங்கே யாருக்கும் இருந்திருக்காது. திங்கட்கிழமை இட்லி சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலைத் திருப்பலி முடிந்ததும், கோயிலில் நாங்களும் நாலைந்து வயதானவர்களும் மட்டும் இருந்தோம். சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டு வந்தேன். அமலா குழந்தையை என் கையில் வைத்தாள். நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. குருவானவர் தலையில் தண்ணீர் ஊற்றியபோது வீறிட்டு அலறி, அடுத்த நிமிடம் என் தோளில் முகம் தேய்த்துத் தூங்கிவிட்டது. லூர்து அக்கா மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு என்னை ஒட்டி நின்றார். இவர்களுக்கு நான் என்ன கைம்மாறு செய்ய முடியும் என்று தெரியவில்லை. நன்றி என்று சொன்னதற்கு, "தண்ணி கொண்டுபோறியா, ஆறவச்சதுதான்" என்றார்.

மதியம் உத்தமபாளையத்தில் பஸ் ஏறினேன். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வயல்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. திருச்சியில் என்னை யாரும் விரட்டியதில்லை. அடுத்தவர்களுக்குச் சங்கடம் வேண்டாமென்று நானேதான் ஒவ்வொரு விசேஷத்திலும் கடைசி நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வேன். பந்தி தொடங்கும் முன்பே கிளம்பியும் விடுவேன். எனக்காக எதையும் நிறுத்தி வைக்கும்படி நான் யாரையும் கேட்டதில்லை. இந்த ஊரிலும் கேட்கவில்லை.

திண்டுக்கல்லில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண் லேசாக மூக்கை உறிஞ்சினாள். குழந்தை கக்கிய பால் என் சேலையின் தோளில் காய்ந்திருந்தது.

"கைக்குழந்தை இருக்குங்களா?" என்று கேட்டாள்.

"இருக்கு" என்றேன். "ராயப்பன்பட்டியில."