கால்நடையில் ஆடு இல்லையாம்

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளம் வடிந்து இரண்டு கிழமை இருக்கும். முள்ளியவளைக்குப் பக்கத்தில் ஒரு குடியேற்றக் காணியில் அப்போது இருந்தோம். வயலை என் கணவர் பார்த்தார். ஆடுகள் என்னுடையவை. பதினொரு ஆடுகளையும் வெள்ளம் கொட்டிலோடு கொண்டு போய்விட்டது. பிள்ளைகளின் பாலும் கொப்பி புத்தகச் செலவும் அவற்றோடு போயின.

கால்நடை இழந்தவர்களுக்கு அரசாங்கம் உதவிப் பணம் கொடுக்கிறது என்று ஊருக்குப் பொறுப்பான விதானையார் வந்து சொன்னார். எங்கள் வாய்க்கால் ஓரத்தில் ஆடு வளர்த்த ஆறு பெண்களும் சேர்ந்து அரசாங்கக் கந்தோருக்கு நடந்தோம். வழியில் மதகு உடைந்து கிடந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கித்தான் போனோம்.

கிளாக்கர் எங்களை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"மாடு, எருமை எண்டு ரெண்டு வரிதான் படிவத்தில கிடக்கு. ஆட்டுக்கு இடமில்லை. போயிட்டு வாங்கோ."

மற்றவர்கள் திரும்பிவிட்டார்கள். எனக்குக் கால் நகரவில்லை. எங்கிருந்துதான் வந்ததோ அந்தத் துணிவு!

"அப்ப, ஆடு கால்நடை இல்லை எண்டு ஒரு கடுதாசியில எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்கோ. நாங்கள் போறம்."

அவர் பேனாவை எடுத்தார். ஒரு சொல் எழுதினார், நிறுத்தினார். கடைசியில் எழும்பி உள்ளே போனார். அந்தப் பகுதிக்கே பெரிய அதிகாரியான டி.ஆர்.ஓ. சிரிப்பது வெளியே கேட்டது. பிறகு அவரே வந்து, "நாளையிண்டைக்கு நான் வாறன். ஆனா ஆடு நிண்டதுக்கு அயலில சாட்சி வேணும்" என்றார்.

சொன்னபடி இரண்டாம் நாள் வந்தார். ஒவ்வொருவரின் ஆடுகளைப் பற்றியும் பக்கத்து வீட்டுக்காரியிடம் விசாரித்தார். என் பக்கத்து வீட்டுக்காரியோடு எனக்கு ஒரு வருடமாகக் கதை பேச்சு இல்லை. என் ஆடுகள் அவருடைய கத்தரித் தோட்டத்தை மேய்ந்ததால் வந்த சண்டை. "ரெண்டு ஆடுதான் நிண்டது" என்று அவர் சொல்லியிருந்தால் என் கதை முடிந்தது.

அவர் வந்து நின்று விரல் மடக்கினார்.

"பதினொண்டு, ஐயா. கொம்பு முறிஞ்ச கிடாய் ஒண்டு, அதுதான் வேலி பிரிக்கிறது. ரெண்டு சினை ஆடு. வெள்ளைக் காதுக் குட்டியள் மூண்டு. மிச்சம் அஞ்சும் கறுப்பு. எல்லாம் என்ர கத்தரியைத் திண்டதுகள். எனக்குத் தெரியாமல் வேற ஆருக்குத் தெரியும்?"

டி.ஆர்.ஓ. வாய்விட்டுச் சிரித்தார். மாடு, எருமை என்ற வரிகளுக்குக் கீழே தன் கையாலேயே 'ஆடு' என்று எழுதி, பதினொன்று என்று போட்டார்.

டி.ஆர்.ஓ. போனதும் நான் பக்கத்து வீட்டுக்காரியின் அருகே போனேன். "இனி வாங்கிற ஆட்டைக் கட்டி வையும்" என்றுவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். ஒரு வருடத்துக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு!

ஆறு பேருக்கும் பணம் வந்தது. எங்களைப் பார்த்து மற்ற ஊர்ப் பெண்கள் போனபோது, கிளாக்கரே படிவத்தில் ஆட்டுக்கு ஒரு வரி கீறி வைத்திருந்தாராம்.

கந்தோரில் நான் கேட்ட கேள்வியைத்தான் ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கோ, முகம் கொடுத்துப் பேசாத கோபத்திலும் என் ஆடுகளில் ஒன்றைக்கூடக் குறைத்துச் சொல்லாத அந்த மனுசியை நினைக்கும்போதுதான் இன்றும் தலை நிமிர்கிறது.