முத்துக்குமரன் கொண்டுபோன சீர்

செல்லூரில் ஒரு விசைத்தறிப் பட்டறையின் மாடியில், பிறர் பணத்தைப் பங்குச்சந்தையில் போட்டுப் பெருக்கும் முத்துக்குமரனின் ஹெட்ஜ் ஃபண்ட் இருந்தது. மும்பையில் அப்படிப்பட்ட நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர், கொட்டாம்பட்டிச் சொந்தக்காரர்களின் பணத்தைச் சேர்த்து அதே தொழிலை இங்கே தொடங்கினார். மேதை என்று அவரைச் சொல்ல முடியாது. கவனமானவர். சந்தை பெரிதாகச் சரியாது என்று பந்தயம் கட்டிச் சம்பாதிப்பார். அப்படிச் சரிந்துவிட்டால் பணம் தரும் ஒப்பந்தங்களையும் லாபத்தில் ஒரு பங்கைக் கொடுத்து வாங்கி வைப்பார். பெரும்பாலும் அந்தச் செலவு வீண்தான்.

"ஹெட்ஜுன்னா வேலி. வேலியில நெல்லு விளையாதுதான். அதுக்காகப் பிடுங்கிப் போட்டுருவீகளா அண்ணே?" என்பார், குறைப்பட்டவர்களிடம்.

கணவரை இழந்த அக்காள் பாண்டியம்மாள், நாலுவழிச் சாலைக்குப் போன நிலத்தின் இழப்பீட்டை முழுவதும் தம்பியிடம் கொடுத்திருந்தார். வேறு நிலம் அமையும்வரை அடுத்தவர் வயலில் வேலைக்குப் போனார்.

அவர் மகள் திவ்யாவுக்குச் சடங்கு வந்தது. தாய்மாமன் சீர் முத்துக்குமரனுடையது. பாண்டியம்மாளின் கொழுந்தன் விருமாண்டி டீக்கடையில் வைத்துக் கேட்டார்:

"என்ன மாப்ள, ஊரு பணத்தையெல்லாம் பெருக்குறீகளாம். எங்க வீட்டுக்குச் சீரு எம்புட்டு வண்டி வருது? மேலத்தெருவுல தாய்மாமன் குதிரையவே ஆட விட்டான். நீங்க தேங்காப்பழத்தோட வந்து நின்னுறாதீக."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களில் பாதிப்பேர் ஃபண்டில் பணம் போட்டவர்கள். சீர் இளைத்தால் ஃபண்டும் இளைத்துவிட்டதென்று பேச்சு வரும்; ஆளாளுக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். முத்துக்குமரன் அந்த மாதம் சரிவுக்கான காப்பு ஒப்பந்தங்களை வாங்கவில்லை. அந்தப் பணத்தில் நகையும் பட்டும் பாத்திரமும் வாங்கினார்.

அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் மைத்ரேயி, "இந்த மாசம் வாங்கலையா சார்?" என்றாள்.

"வீட்டுல விசேஷம்மா. அடுத்த மாசம் வாங்கிக்கலாம்."

"சந்தைக்கும் பத்திரிகை வெச்சிருக்கீங்களா சார்?"

அவர் சிரித்தார்.

விழாவுக்கு முந்தைய வாரம் எங்கோ ஒரு கடலில் போர் மூண்டது. காலையில் சந்தை திறந்ததுமே விழுந்தது. டீ ஆறுவதற்குள் தரகு நிறுவனம் நஷ்டத்துக்கு ஈடாக எல்லாவற்றையும் விற்றுக் கணக்கை முடித்துவிட்டது. கீழே தறிகள் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தன. அக்காளின் நிலம் இரண்டாம் முறையாகப் போயிருந்தது.

சீர் மட்டும் மிஞ்சியிருந்தது. அதைக் கொண்டுபோனார். மேளம், வேட்டு, வரிசையாக வண்டிகள், முன்னால் ஆடும் குதிரை. தட்டை வாங்கிக்கொண்டே பாண்டியம்மாள் காதோரம் சொன்னார்:

"தம்பி, நிலம் அமைஞ்சிருச்சுடா. தண்ணி உள்ள நிலம். புதன்கிழமை அட்வான்ஸ் குடுக்கணும். எம் பணத்தை எடுத்து வையி."

"சரிக்கா."

பந்தியை விட்டு வெளியே வந்தபோது விருமாண்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒத்துக்கிறேன் மாப்ள. சீருன்னா இது சீரு. மாடு வித்த காசும் சீட்டு எடுத்ததும் இதுல இருக்கு. நம்மளதையும் சேத்துப் போடுங்க."

மஞ்சள் பை. முத்துக்குமரன் அதைத் திருப்பித் தள்ளினார்.

"இப்ப வேணாம் மச்சான். சந்தை சரியில்ல."

"அட, பெரிய மனுசன் பேச்சப் பாரு! பிடிங்க மாப்ள."

பிடித்தார்.

புதன்கிழமை பாண்டியம்மாள் அட்வான்ஸ் கொடுத்தார். அது விருமாண்டியின் பணம். விருமாண்டிக்குத் தர வேறொருவரும், அவருக்குத் தர இன்னொருவரும் வேண்டியிருக்கிறது. சந்தையில் போட முத்துக்குமரனிடம் இப்போது எதுவும் இல்லை. சுற்றுவட்டாரத்தில் எந்த விசேஷம் என்றாலும் முதல் ஆளாகப் போகிறார். மொய் பெரிதாகவே எழுதுகிறார்.