நாலு கறி

கருத்தம்மாள் பிறந்தது காமயகவுண்டன்பட்டியில், 1954இல். ரேஷன் கார்டில் 1960 என்று இருக்கிறது, அது தவறு. அவருடைய தம்பியின் பள்ளிச் சான்றிதழை வைத்துப் பார்த்தால் 1954தான் பொருந்துகிறது. பத்தொன்பது வயதில் கம்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். கணவர் செல்லப்பாண்டி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். 1991இல் அவர் இறந்தார். அதற்கு அடுத்த மாதமே கருத்தம்மாள் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் ஏறினார்.

அந்த ஜீப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடியும் முன்பே தெருமுனையில் வந்து நிற்கும். பத்துப் பேர் உட்காரும் வண்டியில் இருபது பெண்கள் தூக்குவாளியோடு ஏறுவார்கள். கம்பம்மெட்டு ஏறி மலையாளத்துப் பக்கம் போய், பகல் முழுவதும் செடிக்கடியில் குனிந்து காய் எடுத்து, இருட்டும் நேரத்தில் இறங்கி வருவார்கள். முழங்காலை மடக்கி நெஞ்சோடு வைத்துத்தான் உட்கார முடியும். பதினான்கு வருடம் அப்படிப் போனதில் கருத்தம்மாளுக்கு இரண்டு முழங்காலும் வீங்கிவிட்டன. ஜீப்பிலிருந்து இறங்கியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நிற்பார். பிறகுதான் நடக்க வரும்.

மலைக்குப் போய் வந்ததில் அவருக்குக் கிடைத்த பெருமை ஒன்று உண்டு. தெருவில் மலையாளம் தெரிந்தவர் அவர் என்று பெயர். ஏலக்காய் வியாபாரி யாராவது விலாசம் கேட்டு வந்தால் அவர் வீட்டுக்குத்தான் கைகாட்டுவோம். அவரும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, "எவிடெ போகணும்?" என்று ஆரம்பிப்பார். "எனக்குத் தமிழு பாதி, மலையாளம் பாதி" என்று எங்களிடம் சொல்லுவார்.

2003இல் எங்கள் தெருவில் காலியாக இருந்த ஓட்டு வீட்டைத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் நர்சுகள் வாடகைக்கு எடுத்தார்கள். எல்லாரும் கேரளத்துப் பெண்கள். பாதிப் பேர் இரவு வேலை, பாதிப் பேர் பகல் வேலை. அடுப்புப் பற்றவைக்க நேரமில்லாமல் பன்னும் பழமுமாகக் காலம் தள்ளினார்கள். அவர்களில் மூத்தவர் சிந்து. இரண்டு வருடம் இப்படிப் போனபின், தினமும் இரண்டு வேளை பொங்கிப் போட ஓர் ஆள் வேண்டும் என்று அவர் தேடினார். கருத்தம்மாள் தானே போய்க் கேட்டார். 2005 செப்டம்பரில் ஓணம் வந்தது. அந்தப் பெண்களுக்கு ஊருக்குப் போக லீவு கிடைக்கவில்லை. "சேச்சி ஓணத்துக்கு ஒரு நாள் சமைத்துத் தரட்டும். பிடித்தால் மறுநாளிலிருந்தே வரலாம்" என்றார் சிந்து.

கருத்தம்மாளுக்கு அது முழங்காலின் விடுதலை. ஜீப் ஓட்டுகிற அழகரிடம் அன்றே சொல்லிவிட்டார்.

"ஏலே அழகரு, அடுத்த வாரம் என் எடத்துக்கு வேற ஆளப் பாத்துக்க."

"ஏன் ஆத்தா, குமுளியில லாட்டரிச் சீட்டு எடுத்தது விழுந்துருச்சாக்கும்?"

"சீட்டெல்லாம் இல்லடா. நர்சம்மாமாருக்கு நாந்தேன் இனிமே சமையலு."

"அவுக வைக்கிறது ஒமக்குத் தெரியுமா?"

"பதினாலு வருசம் அவுக காட்டுல கெடந்துருக்கேன். தெரியாமப் போகுமா?"

ஓணத்துக்கு மூன்று நாள் முன்பு, ஷைனி என்ற பெண்ணை அனுப்பி என்னென்ன வேண்டும் என்று சொல்லச் சொன்னார் சிந்து. அந்த வீட்டில் வயதில் சிறியவள் அவள். வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. என் வீட்டுக்கும் கருத்தம்மாள் வீட்டுக்கும் ஒரே சுவர். வாசலில் உட்கார்ந்திருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"சேச்சி, சாப்பாட்டுக்கு... காய் வந்து..." என்று அந்தப் பெண் தமிழைத் தேடித் தேடி எடுத்தாள்.

"எதுக்கு தாயி கஷ்டப்படுற? மலையாளத்துலயே சொல்லு. எனக்குத் தெரியும்."

"சேச்சிக்கு அறியாமோ?" என்று அவள் முகம் மலர்ந்தது. பிறகு கடகடவென்று சொன்னாள். சோறு, பருப்பு, பப்படம், பாயசம், பின்னே நாலு கறி. "கறி எல்லாம் நன்னாயிட்டு வேணம், சேச்சி."

"நன்னாயிட்டு வச்சிரலாம்" என்றார் கருத்தம்மாள்.

அவள் போனபின் சுவருக்கு மேலே எட்டிப்பார்த்து என் மனைவியிடம் சொன்னார்: "பாத்தீகளா மதினி. ஒரு கறி ரெண்டு கறி இல்ல. நாலு கறி."

எங்கள் பக்கம் கறி என்றால் ஆடு. கோழியைக்கூடக் கோழிக்கறி என்று சேர்த்துத்தான் சொல்வோம். எனக்கும் அப்போது வேறு பொருள் தோன்றவில்லை. என் மனைவிக்கு மட்டும் ஒரு சந்தேகம் வந்தது.

"நல்ல நாளும் அதுவுமா, பாயசத்தோட கறி திம்பாகளா அவுக?"

"அவுக நாடு வேற மதினி. அந்தப் பிள்ள வாயாலதான சொல்லுச்சு. வேணும்னா அவுகளக் கேட்டுட்டு வரவா? கேட்டா மலையாளம் தெரியாதுன்னுல்ல நெனப்பாக."

கேட்கவில்லை.

ஓணத்தன்று இருபத்திரண்டு பேருக்குச் சமையல். கருத்தம்மாள் வீட்டு அடுப்படி ஆறடிக்கு ஐந்தடி, மேலே ஆஸ்பெஸ்டாஸ். ஒருவர் குனிந்தால் இன்னொருவர் நிற்க இடமில்லை. வாடகைக்கு எடுத்த சோற்று அண்டாவைச் சாய்த்துத்தான் உள்ளே கொண்டுபோக முடிந்தது. அதை வைத்தபின் கதவு சாத்தவில்லை. விறகடுப்பில் ஆட்டுக்கறிக் குழம்பு, கேஸ் அடுப்பில் கோழி. அவருடைய மருமகள் நிலைப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். உள்ளே இருந்து கருத்தம்மாள் கையை மட்டும் நீட்டுவார், அவள் கிண்ணத்தை வைப்பாள். குடலை என் வீட்டுக் குழாயடியில் அலசினார்கள். பாயசம் என் வீட்டு மண்ணெண்ணெய் அடுப்பில் ஏறியது. கஞ்சி வடிக்க அண்டாவைத் தூக்க ஆளில்லாமல் அழகரைக் கூப்பிட்டார்கள். அவன் துண்டைச் சுற்றிப் பிடித்து வடித்துக் கொடுத்துவிட்டு, "ஆத்தா, இந்த வாடைக்கே ஆஸ்பத்திரியில படுத்திருக்கவன் எந்திரிச்சு வந்துருவான்" என்றான். கருத்தம்மாள் சிரித்தார். முகமெல்லாம் புகையும் வேர்வையும். முழங்காலைப் பற்றி அன்று அவர் ஒரு முறைகூடப் பேசவில்லை.

குழம்பு, சுக்கா, கோழி வறுவல், குடல் கூட்டு. நாலு கறி. நர்சுகள் கொடுத்த பணம் போதவில்லை. மிச்சத்துக்குத் தன் கையிலிருந்து போட்டார்.

மதியம் பாத்திரங்களைத் தெருவுக்குக் குறுக்கே தூக்கிக்கொண்டு போனோம். அந்த வீட்டு வாசலில் பூவால் கோலம் போட்டிருந்தார்கள். கூடத்தில் இலை விரித்து, உப்பும் வாழைக்காய் வறுவலும் வைத்திருந்தார்கள். சிந்துவின் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். கரை போட்ட வெள்ளைச் சேலை. மூத்தவர் என்று அவரை முதல் இலையில் உட்கார வைத்தார்கள். பெண்கள் எல்லாரும் வேலையிலிருந்து ஓடிவந்து உடை மாற்றிக்கொண்டு அப்போதுதான் உட்கார்ந்தார்கள்.

கருத்தம்மாள் முதல் இலைக்குப் போனார். மூடியைத் திறந்து, நல்ல துண்டாகப் பார்த்து ஒரு கரண்டி சுக்கா எடுத்து வைத்தார். "கழிக்கணும் அம்மே" என்று, சாப்பிடச் சொல்லி உபசாரமும் செய்தார்.

அந்த அம்மா இலையைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. இலையை இரண்டு விரலால் மெதுவாக முன்னால் தள்ளி வைத்தார்.

மலையாளத்தில் கறி என்றால் சோற்றோடு சேர்த்துச் சாப்பிடுகிற எதுவும் கறி. பூசணிக்காயும் கறி, புளியைக் கரைத்துக் கொதிக்கவைத்தாலும் கறி. ஆண்டு முழுவதும் மீன் சாப்பிடுகிற சிந்துவின் வீட்டில்கூட, ஓணத்தன்று இலையில் மாமிசம் படாது. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கருத்தம்மாளுக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. மலையில் பதினான்கு வருடம் அவர் கேட்ட மலையாளம் வேகம் வா, போதும் என்பதற்கு மதி, நாளை வரணும் என்பவைதாம். தூக்குவாளிச் சோற்றைச் செடியடியில் தின்றவர். ஒரு மலையாளி வீட்டுக்குள் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லை.

சிந்து ஷைனியைப் பார்த்தார். "நான் உன்னைத் தமிழ்ல அல்லே சொல்லச் சொன்னது?" என்று எங்களுக்கும் புரியும்படியே கேட்டார். அதன்பின் மலையாளத்தில் வேகமாகத் திட்டினார். ஷைனி தலையை உயர்த்திக் கருத்தம்மாளைப் பார்த்தாள்.

நாங்களும் அவரைத்தான் பார்த்தோம். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்: 'அந்தப் பிள்ளை தமிழில்தான் ஆரம்பித்தது, நான்தான் தடுத்தேன்.' கருத்தம்மாள் கையிலிருந்த கரண்டியைப் பார்த்துக்கொண்டு, "பிள்ள கறின்னுதேன் சொல்லுச்சு, தாயி" என்றார்.

ஷைனி மறுத்துப் பேசவில்லை. கண் நிறைந்துவிட்டது. குனிந்து அந்த இலையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

சிந்துவின் அம்மாவுக்கு வேறு இலை போட்டுச் சோறும் பருப்பும் பப்படமும் வைத்தார்கள். "சாரமில்லா, சாரமில்லா" என்று அந்த அம்மா கருத்தம்மாளைத் தேற்றினார். பரவாயில்லை என்று பொருள். கிறிஸ்தவப் பெண்கள் பலர் கறியை ருசித்துச் சாப்பிட்டார்கள். ஒருத்தி, "சேச்சி, குடல் சூப்பர்" என்று இரண்டாம் முறை கேட்டாள். சமையல் நன்றாகத்தான் இருந்தது. கருத்தம்மாள் சுவர் ஓரமாக நின்று பரிமாறினார். மருமகள் எவ்வளவோ சொல்லியும் அங்கே ஒரு வாய் சாப்பிடவில்லை.

மறுநாள் விடியுமுன் ஜீப் வந்தது. கருத்தம்மாள் தூக்குவாளியோடு போய் நின்றார். அழகர் அவரைப் பார்த்தான்.

"என்னாத்தா, ஓணத்துக்குக் குடல் வச்சீகளாமே. கேரளா பூரா அதே பேச்சு."

ஜீப்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கருத்தம்மாள் ஏறி முழங்காலை மடக்கிக்கொண்டார்.

நாலாம் நாள் சாயங்காலம் சிந்துவே அவர் வீட்டுக்கு வந்தார். பின்னால் ஷைனி, கழுவித் துடைத்த பாத்திரங்களோடு.

"சேச்சி ஏன் வரல்லே? அது சின்ன விஷயம். இவளுக்குத் தமிழ் தெரியல. நாளைக்கு வாங்க."

கருத்தம்மாள் ஷைனியைப் பார்த்தார். அவள் பாத்திரங்களை நிலைப்படியில் ஒவ்வொன்றாகச் சத்தம் வராமல் இறக்கிக்கொண்டிருந்தாள். சிந்துவிடம் அவள் எதையும் சொல்லியிருக்கவில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது.

"இல்ல தாயி. நான் மலைக்கே போறேன்."

"சம்பளம் குறைவா?"

"அதெல்லாம் இல்ல. முடியாது தாயி."

சிந்துவுக்குப் புரியவில்லை. இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போனார். அந்த மாதக் கடைசியில் குமுளியிலிருந்து ஒரு பெண்ணைச் சமையலுக்கு அமர்த்திக்கொண்டார்கள்.

இதைப் பற்றிக் கருத்தம்மாள் என் மனைவியிடம் ஒரே ஒரு முறை பேசினார். நானும் அங்கே இருந்தேன்.

"அந்தப் பிள்ள என்னையக் காட்டிக் குடுத்திருந்தா, ரெண்டு திட்டு வாங்கிக்கிட்டு அடுப்பப் பத்த வச்சிருப்பேன் மதினி. அது வாயத் தொறக்கலயே. தெனம் ரெண்டு நேரம் அது எலையில எப்பிடிச் சோத்த வைக்க?"

"சிந்துகிட்ட உள்ளதச் சொல்லிர வேண்டியதுதான" என்றாள் என் மனைவி.

"சொல்லணும்" என்றார். சொல்லவில்லை.

மறு வருடம் ஷைனிக்கு சவூதியில் வேலை கிடைத்தது. கிளம்பும் நாளன்று தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டாள். அதற்குள் தமிழ் நன்றாகவே பேசினாள். எங்கள் வீட்டில் காப்பி குடித்துவிட்டுக் கருத்தம்மாள் வீட்டுக்குப் போனாள். மருமகள் வாசலுக்கு வந்தாள்.

"அத்தை மலைக்குப் போயிருக்காகளே."

ஷைனி சற்று நேரம் நின்றாள். உள்ளே அடுப்படியில் பாத்திரம் நகர்ந்த ஓசை எனக்கே கேட்டது.

"சரி. கேட்டேன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை ஜீப் ஓடாது என்பது மூன்று வருடமாக எதிரில் இருக்கும் அந்த நர்சுகள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.