வலிக்காத தோள்

கடைசி ஆட்டத்துக்கு ஒரு வான் வண்டி நிறையச் சனத்தோடு போனோம். இத்தாலியின் பலெர்மோ நகரில் எங்கள் ஈழத்து ஆட்களில் பேஸ்பால் ஆடுகிறவன் என் மகன் ஒருவன்தான், அதுவும் சம்பளத்துக்கு. பந்தை அடித்தவன் ஏன் மட்டையை எறிந்துவிட்டு ஓடுகிறான் என்று கேட்பவர்களுக்கு விளக்கி விளக்கி நான் களைத்துப்போயிருந்தேன். அன்றைக்கு ஒன்று மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தோற்றால் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும்.

மகன் ஆட இறங்கவில்லை. ஓரத்து வாங்கில் உட்கார்ந்து வலது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“ஐயோ, பிள்ளைக்கு என்ன நடந்தது?” என்று மனைவி எழும்பிவிட்டாள்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அன்று காலையில்தான் தண்ணீர்ப் போத்தல் கட்டுகளை அதே தோளில் வைத்து, விசிலடித்துக்கொண்டு மாடி ஏறி வந்தான். பத்துத் தடவைக்கு மூன்று தடவையாவது சரியாக அடித்த சராசரியோடு பருவத்தை முடித்தால் ஒப்பந்தம் தருவதாக வடக்கே ஒரு பெரிய கழகம் சொல்லியிருந்தது. அவன் சராசரி மயிரிழையில் அங்கே நின்றது. இன்று இறங்கி வெறுங்கையோடு திரும்பினால் போய்விடும். இறங்காவிட்டால் அப்படியே இருக்கும். நான் கிரிக்கெட் ஆடிய காலத்தில் இப்படிப்பட்டவர்களைப் படுத்தியெடுப்போம். ஆனால் பொலிதேயாமாத் தெருப் பக்கம் பணக்கார இத்தாலிய அம்மாமாரின் வீட்டுப் படிகளைத் துடைத்துக்கொண்டு, அந்த ஒப்பந்தத்துக்காக அவனை விட அதிகம் ஏங்கியவனும் நான்தான்.

கடைசிக் கட்டத்தில் மூன்று தளங்களிலும் எங்கள் அணிக்காரர் ஓடத் தயாராய் நின்றார்கள். ஒரு நல்ல அடி போதும். பயிற்சியாளர் திரும்பி மகனைப் பார்த்தார். அவன் முகத்தைச் சுளித்து, முடியாது என்று தலையாட்டினான். அவனுக்குப் பதிலாக இறங்கியவன் காற்றைத்தான் அடித்தான். தோற்றோம். அணியின் மூத்த வீரர் மண்ணில் குந்தியிருந்து அழுதார். எனக்கு வெட்கமாக இருந்தது.

வானுக்குப் பக்கத்தில் அவனைத் தனியே பிடித்தேன். “உண்மையாய் நோகுதோ?”

“அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ, அப்பா.”

அதற்குள் அவள் வந்துவிட்டாள். “மலைக்கு வெறுங்காலோடை ஏறுறனெண்டு நேந்திட்டன்.”

நாங்கள் சைவர்கள். ஆனாலும் இந்த ஊரில் எங்கள் சனத்துக்கு ஒரு கஷ்டம் என்றால், பெல்லெகிரீனோ மலைக் குகையில் இருக்கிற கத்தோலிக்கப் புனிதையிடம்தான் ஓடுவோம். மனைவிக்கோ சீனி வருத்தம், சர்க்கரை நோய்; காலில் புண் வந்தால் ஆறாது. வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்கக்கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார்.

“இப்ப நோகேல்லை அம்மா. சுகம்,” என்று மகன் கையைச் சுழற்றிக் காட்டினான்.

“பாத்தியே, நேந்த உடனை மாறிட்டுது! இனிக் கட்டாயம் போகோணும்.”

பிறகு ஒப்பந்தம் வந்தது. அதையும் அவள் மலையின் பேரிலேயே போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் ஏறினோம். பழைய கல்பாதை சுட்டது. “நான் வெறுங்காலோடை ஏறுறன். நீ செருப்பைப் போடு,” என்றேன். “நீங்களோ நேந்தனீங்கள்?” என்று வாயை அடைத்துவிட்டாள். உண்மையைச் சொன்னால் அவள் செருப்பைப் போட்டுக்கொள்வாள். ஆனால் அதன் பிறகு அந்தப் பிள்ளையை எப்படிப் பார்ப்பாள்? சொல்லாவிட்டால் அவள் கால். எந்தப் பக்கமும் என்னால் அசைய முடியவில்லை.

பாதி வழியில் கல்லில் சிவப்பாய் ஒரு தடம் கண்டேன். மகனும் கண்டான்.

“அம்மா, செருப்பைப் போடுங்கோ. எனக்கு அண்டைக்கு...” என்று தொடங்கினான். 

அவள் திரும்பினாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தன் செருப்புகளைத் தூக்கி வந்த அவனுடைய வலது கையைத்தான் பார்த்தாள்.

“அந்தக் கையாலை தூக்காதை ராசா. இப்பதானே மாறினது.”

செருப்புகளை அவனிடமிருந்து வாங்கித் தன் கையில் பிடித்துக்கொண்டு, மேலே நடக்கத் தொடங்கினாள்.