காப்பு ஆணியில் ஒரு சிலந்தி

பொங்கலுக்கு முந்தைய நாள் மாலை. கோவையில் எங்கள் வீட்டுக் கேட்டுத் தூணில் அம்மா காப்புக் கட்ட வேண்டும். வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றும் சேர்ந்த கொத்துகள் அவர் கையில் இருந்தன. அவற்றில் ஒன்றை மாட்டும் ஆணியில்தான் சிலந்தி தன் வலையின் நூலொன்றைக் கட்டியிருந்தது. மறுமுனை கறிவேப்பிலைச் செடியில்.

அந்தச் சிலந்தியை ஒரு மாதமாகப் படமெடுத்து வந்தேன். காற்று, வெளிச்சம், என் நிழல். பொத்தானை அழுத்துமுன் இதே வரிசையில் சரிபார்ப்பது வழக்கம். அவ்வளவு அருகில் போனால், படத்தில் சிலந்தியின் கண் தெளியும்போது அதன் கால் மங்கிவிடும். அன்று லென்ஸில் பார்த்தபோது, அதன் முதுகின் ஓடு டப்பா மூடிபோல் தூக்கிக்கொண்டிருந்தது. தோலுரிக்கத் தொடங்கிவிட்டது. இந்த நேரத்தில் நூல் அதிர்ந்து கீழே விழுந்தால், அந்த மெத்தென்ற உடம்பு பிழைக்காது.

"கொஞ்சம் இருங்கம்மா."

"ஏங் கண்ணு? பொழுது உழுகறதுக்குள்ள கட்டோணுமல்ல?"

"எட்டுக்கால் பூச்சி தோலுரிக்குதுங்கம்மா. ஆணியத் தொட்டா செத்துப்போயிரும்."

"ஒட்டடை அடிக்கச் சொன்னா, அதுக்கே காவல் நிக்கற. உன்ர அக்கா கல்யாணத்துல இப்படி நின்னு ஒரு போட்டோ எடுத்தியா?"

கேமராத் திரையை அவர் பக்கம் சாய்த்தேன். அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார்.

ஒற்றை இழையில் தலைகீழாகத் தொங்கியபடி, சிலந்தி எட்டுக் கால்களையும் ஒன்றாக உருவிக்கொண்டிருந்தது. கைகளே இல்லாமல், ஒரே சமயத்தில் எட்டுக் கையுறைகளைக் கழற்றுவதுபோல. வெளிவந்த கால்கள் கண்ணாடிபோல் இருந்தன. மேற்கு வெயில் அவற்றின் ஊடே சென்றது. ஒவ்வொரு முடியும், நுனியில் இருந்த நகமும்கூட, புதிதாக வந்திருந்தன. பழைய தோலிலும் அதே முடிகள், அதே நகங்கள்.

ஏழு கால்கள் வந்துவிட்டன. எட்டாவது சிக்கிக்கொண்டது. சிலந்தி இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை. என் விரல் நுனியே அதற்குப் பாறை.

"வருமா கண்ணு?" அம்மா கிசுகிசுத்தார்.

"தெரியலீங்கம்மா. வராட்டி காலை உட்டுப்போட்டுப் போயிரும்."

அந்தப் பக்கம் ஒரு பைக் போனது. வலை நடுங்கியது. அம்மா சேலை முந்தானையை விரித்துக் காற்றுக்குக் குறுக்கே பிடித்தார். சிலந்தி உடலைச் சுருக்கி இன்னொரு முறை இழுத்தது. கால் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. எட்டுக் கால்களும் தளர்ந்து, ஈர நூல்களைப்போல் தொங்கின.

"பச்சப்புள்ளையாட்டம் இருக்குதே!" என்றார் அம்மா. முந்தானையை இன்னும் இறக்கவில்லை. "இனி என்ன பண்ணும்?"

"காயோணுங்கம்மா. அதுவரைக்கும் நடக்க முடியாது."

அம்மா மேற்கே பார்த்தார். தென்னைகளுக்குப் பின்னால் சூரியன் இன்னும் கொஞ்சம் மீதமிருந்தது. முந்தானையின் ஓரத்தை என் கையில் திணித்தார்.

"இதைப் புடி. நான் மொதல்ல கொல்லைப்பக்கம் கட்டிப்போட்டு வாரேன். வாசலுக்குக் கடைசியாக் கட்டிக்கலாம்."

"சேலைய எங்கிட்டக் குடுத்துப்போட்டு எப்படிங்கம்மா போவீங்க?"

அம்மா சிரித்துக்கொண்டே முந்தானையை உருவி இடுப்பில் செருகினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். நான் அதைக் காற்றுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றேன்.