ஆனையூர் பேருந்து நிறுத்தத்தில் வேற்றுக்கிரக ஃப்ளெக்ஸ்

வேற்றுக்கிரக உயிர்களைத் தேடும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். ரேடியோ அலைப் படங்களில் வித்தியாசமான கோடு தெரிந்தால் குறிக்க வேண்டும். ஒன்பது வருடமாகப் பார்க்கிறேன், ஒன்றும் தெரியவில்லை.

போன மாதம் நான் சேர்த்துவிட்ட நண்பன் முருகேசனுக்கு அப்படியொரு கோடு தெரிந்துவிட்டது.

இன்று காலை ஆனையூர் பேருந்து நிறுத்தத்தில் அவன் படத்தோடு ஃப்ளெக்ஸ்: “விண்வெளியின் குரல் கேட்ட எங்கள் அண்ணன்!”

உடனே அவனுக்குப் போன் செய்தேன்.

“மாப்ள, கோடு இம்புட்டுப் பளிச்சுன்னு விழுந்தா அது நம்ம பூமியோட சேட்டிலைட்டுதான்.”

“இருந்துட்டுப் போகட்டும் மாப்ள. ஒம்போது வருசத்துல உனக்கு அந்த சேட்டிலைட்டாச்சும் விழுந்துச்சா?”

போனை வைத்துவிட்டேன்.

ஃப்ளெக்ஸின் அடியில், வாழ்த்துவோர் வரிசையில், கடைசியாக என் படம். சிரித்துக்கொண்டு வேறு இருக்கிறேன். அந்தப் படத்தை அவனுக்குக் கொடுத்தவர் யார் என்று இந்தப் பதிவின் கீழேயே சொல்லிவிட்டால் நல்லது.