ஓர இடத்துக்காரி

இது நடந்தது, கண்ணுகளா. எங்கள் ஊர் டமாரிஸ் சொல்லித்தான் தெரியும் என்றால் நீங்கள் நம்பாமல் போகலாம். அன்று அந்தச் சபைக்கூடத்தில் நானும் இருந்தேன். என் காதாலும் கேட்டேன்.

பாஸ்டனுக்கு வடக்கே, காட்டோரம் எங்கள் ஊர். அங்கே தாயோ தகப்பனோ சபையில் சேர்க்கப்பட்டால்தான் பிள்ளைக்கு ஞானஸ்நானம். டமாரிஸின் முதல் குழந்தை அது இல்லாமலே மண்ணுக்குள் போயிருந்தது. இரண்டாவது, ரூத். ஆறு மாதம். நெஞ்சு நிறையச் சளி. புருஷன் கப்பல் வேலையாகக் கடலில். சபையில் சேர, அந்த ஓய்வுநாளில் டமாரிஸ் எழுந்து நின்று, தேவன் தன்னைத் தொட்ட கதையை எல்லார் முன்னும் சொல்ல வேண்டும். ஒருவர் மறுத்தாலும் போயிற்று.

"ஏண்டி இப்படி நடுங்குற?" என்றாள் மருத்துவச்சி புரூடன்ஸ். "போன மாசம் சாராயக்கடைக்காரன் பொண்டாட்டியையே சேர்த்துக்கிட்டாங்க. அவ பாவத்தைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பாதிப் பேரு தூங்கிட்டாங்க!"

"எனக்குச் சிரிப்பு வரல, அக்கா."

"வராட்டி போ. கூடத்துல நம்ம பலகையில அந்த ஓர இடத்துல மட்டும் உட்காராத."

"ஏன்?"

"காலியா கிடக்கட்டும், விடு."

கடும் பனி. கூடத்தில் அடுப்பும் கிடையாது, விளக்கும் கிடையாது. டமாரிஸ் ஓர இடத்தை விட்டு அடுத்ததில் உட்கார்ந்தாள். மடியில் ரூத். போர்வையைச் சரிசெய்யும்போது கை தவறி அந்தக் காலிப் பலகையில் ஊன்றியது.

பலகை வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல...

சங்கீதம் தொடங்கியது. போதகருக்கு உதவியாக இருக்கும் டீக்கன் ஒவ்வொரு வரியாகச் சொல்வார். நாங்கள் வாங்கிப் பாடுவோம். ஆனால் டமாரிஸின் வலது காதருகே ஒரு குரல்... டீக்கன் வாய் திறக்கும் முன்பே அடுத்த வரியை முணுமுணுத்தது.

திரும்பினாள். யாரும் இல்லை.

மாலை நாலு மணி. சன்னல்கள் இருண்டன. போதகர் அழைத்தார். டமாரிஸ் எழுந்தாள். முதல் குழந்தையைப் புதைத்த நாளைச் சொன்னாள். அழுதாள். முடித்தாள்.

"மறுக்கிறவங்க யாராவது இருக்கீங்களா?"

யாரும் எழவில்லை. ஒரே ஒரு பலகை கிறீச்சிட்டது. ஓர இடம்.

"சேர்த்துக்கிட்டோம்மா. பிள்ளையைக் கொண்டா."

கிண்ணத்துத் தண்ணீர் உறைந்திருந்தது. போதகர் விரல் முட்டியால் உடைத்தார். டக்... டக்...

"பேரு?"

டமாரிஸ் வாயைத் திறந்தாள்.

"கெசியா."

அவள் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது. எனக்கும்.

"கெசியா, பிதாவின் நாமத்தினாலே..."

"இல்ல... ஐயா... ரூத்!"

தண்ணீர் விழுந்துவிட்டது. கொடுத்த ஞானஸ்நானத்தைத் திரும்ப வாங்க முடியாது.

எல்லாரும் வெளியே வந்தோம். டீக்கன் கதவைப் பூட்டினார். புரூடன்ஸின் முகம் வெளிறிப்போயிருந்தது.

"நீ இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வர்றதுக்கு முன்னாடி, ஒருத்தி அந்த ஓர இடத்துல உட்காருவா. அவளும் கைக்குழந்தையோட எழுந்து நின்னா. சபை வேணாம்னுடுச்சு. அந்த வாரமே பிள்ளை போச்சு. பின்னாடியே அவளும்."

"அந்தப் பிள்ளை பேருதான் கெசியாவா?"

"பேரு வைக்கவே இல்லையேடி. வைக்கணும்னு நினைச்ச பேரை, பிரசவம் பார்த்த என்கிட்ட மட்டுந்தான் சொன்னா. இன்னிக்கு வரைக்கும் நான் யார்கிட்டயும் வாய் திறக்கல."

டமாரிஸ் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"ரூத்... ரூத்தும்மா..."

குழந்தை திரும்பவில்லை.

பூட்டிய கதவுக்கு உள்ளேயிருந்து, யாரோ 'கெசியா' என்று மெல்லக் கூப்பிட்டார்கள்.

குழந்தை திரும்பியது. சிரித்தது.